கனடா பி.ஆர். விண்ணப்பச் செலவு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நானும் மனைவியும் மகளும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாக, அதாவது வயது, படிப்பு, ஆங்கிலம், அனுபவத்துக்குப் புள்ளி போட்டு அழைக்கும் முறையில், பி.ஆர். என்னும் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்துக் கனடாவுக்கு வந்தோம். அன்றிலிருந்து ஊரில் உள்ள உறவினர்களும் பழைய அலுவலகத் தம்பிகளும் கேட்கும் சந்தேகங்களில் பெரும்பாலானவை பணத்தைப் பற்றியவைதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்வதை விட்டுவிட்டு, அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் இந்தியாவிலிருந்து எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் விண்ணப்பிப்பவருக்கான கணக்கு. டாலர் என்றால் கனடா டாலர். ஒரு டாலருக்கு 65 ரூபாய் என்று வைத்துப் பெருக்கியிருக்கிறேன். நீங்கள் கட்டும் நாளின் மதிப்பைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

1. மொத்தம் எவ்வளவு ஆகும்? சுற்றி வளைக்காமல் ஓர் எண் சொல்லுங்கள்.

தனி ஆளுக்கு ஏறக்குறைய 1.6 லட்சம் ரூபாய். கணவன், மனைவி, ஒரு சிறு குழந்தை என்றால் ஏறக்குறைய 3.4 லட்சம். ஆங்கிலத் தேர்வு, கல்வி மதிப்பீடு, மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்றிதழ், மொழிபெயர்ப்பு, அரசுக் கட்டணம், கார்டு கமிஷன் எல்லாம் இதில் அடக்கம். விமான டிக்கெட்டும் ஏஜென்ட் கூலியும் அடங்காது.

இது கையை விட்டுப் போகும் பணம். இதைத் தவிர, கனடாவில் இறங்கியதும் குடும்பம் நடத்த உங்களிடம் பணம் இருக்கிறது என்று வங்கிக் கடிதத்தோடு காட்ட வேண்டும். அது, 2025 ஜூலைத் தொகைப்படி, தனி ஆளுக்கு 15,263 டாலர், அதாவது சுமார் 9.9 லட்சம், மூவர் குடும்பத்துக்கு 23,360 டாலர், அதாவது சுமார் 15.2 லட்சம். முதலாவதைச் செலவுப் பணம் என்றும் இரண்டாவதைக் காட்டும் பணம் என்றும் சொல்லப் போகிறேன். என்னிடம் வரும் சந்தேகங்களில் பாதி, இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொள்வதால் வருபவை. முடிந்தால் முதல் நாளிலிருந்தே இரண்டையும் வேறு வேறு வங்கிக் கணக்குகளில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. அரசுக்குக் கட்டுவது மட்டும் எவ்வளவு?

2024 ஏப்ரல் 30 முதலான தொகைப்படி, முதன்மை விண்ணப்பதாரருக்குப் பரிசீலனைக் கட்டணம் 950 டாலர், நிரந்தர வசிப்புரிமைக் கட்டணம் 575 டாலர். கூட வரும் கணவர் அல்லது மனைவிக்கும் அதே இரண்டு தொகைகள். குழந்தைக்கு 260 டாலர் மட்டும். வசிப்புரிமைக் கட்டணம் கிடையாது. கைரேகையும் புகைப்படமும் எடுக்க ஒருவருக்கு 85 டாலர், குடும்பமாகச் சேர்ந்து விண்ணப்பித்தால் அதிகபட்சம் 170. 14 வயதுக்குக் குறைந்தவர்கள் கைரேகை தர வேண்டியதில்லை.

ஆக, தனி ஆளுக்கு 1,610 டாலர், சுமார் 1.05 லட்சம் ரூபாய். மூவர் குடும்பத்துக்கு 3,480 டாலர், சுமார் 2.26 லட்சம். செலவுப் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு இதிலேயே போய்விடுகிறது.

3. நான் விண்ணப்பிக்க இன்னும் ஒன்றரை வருடம் ஆகும். கட்டணம் இப்படியே இருக்குமா?

இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஏப்ரல் 30 அன்று, விலைவாசியை ஒட்டிக் கட்டணத்தை உயர்த்துகிறார்கள். பரிசீலனைக் கட்டணம் 2020இல் 825 டாலராக இருந்தது, 2022இல் 850 ஆனது, 2024இல் 950 ஆனது. மேலே நான் சொன்னவை 2024 ஏப்ரல் 30 முதலான தொகைகள். இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலைத் தாண்டி விண்ணப்பிப்பவர்கள் பத்து சதவீதம் கூட்டி ஒதுக்குவது நல்லது. கட்டும் அன்று கனடா அரசின் குடிவரவுத் தளத்தில் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். இந்தப் பக்கத்தைப் பார்த்துக் கட்டாதீர்கள்.

4. விண்ணப்பம் போடும் முன்பே செலவு ஆரம்பமாகிவிடும் என்கிறார்களே?

ஆமாம், ஆனால் முழுவதும் ஒரே நாளில் வருவதில்லை. முதலில் இரண்டு செலவுகள்: ஆங்கிலத் தேர்வு, வெளிநாட்டுப் பட்டத்தைக் கனடாப் படிப்போடு ஒப்பிட்டுத் தரும் கல்வி மதிப்பீடு. ஐஇஎல்டிஎஸ் பொதுப் பிரிவுக்கு 18,000 ரூபாய் ஒதுக்குங்கள். டபிள்யூஇஎஸ் போன்ற அமைப்பில் மதிப்பீட்டுக்குச் சுமார் 250 டாலர். இவை கைக்கு வந்ததும் சுயவிவரத்தை இணையத்தில் பதியலாம். அதற்குக் கட்டணமே இல்லை. பிறகு காத்திருப்பு. உங்கள் புள்ளிகள் போதுமானவையாக இருந்து அழைப்பு வந்தால்தான் அடுத்த செலவு. அழைப்பு வந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் முழு விண்ணப்பத்தையும் அனுப்ப வேண்டும். அரசுக் கட்டணம் அத்தனையும் அந்த 60 நாட்களில்தான்.

எனவே ஒவ்வொரு படியாகச் செலவழியுங்கள். தேர்வுக்குக் கூடப் பணம் கட்டும் முன், அரசுத் தளத்தில் இருக்கும் புள்ளிக் கணக்கீட்டுக் கருவியில் உங்கள் வயது, படிப்பு, அனுபவம், கிடைக்கும் என்று நீங்கள் நம்பும் மதிப்பெண் ஆகியவற்றைப் போட்டுப் பாருங்கள். சமீபத்திய அழைப்புகளின் குறைந்தபட்சப் புள்ளியோடு ஒப்பிடுங்கள். நூறு புள்ளி இடைவெளி இருந்தால் அந்த 18,000 ரூபாயை இப்போதைக்கு விட்டுவைக்கலாம். ஆங்கில மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்கும் கல்வி மதிப்பீடு ஐந்து ஆண்டுகளுக்கும் மட்டுமே செல்லும் என்பதையும் மறக்காதீர்கள். சீக்கிரம் எழுதி வைத்துக்கொண்டால் காலாவதியாகி மறுபடி எழுத நேரும்.

5. கல்வி மதிப்பீடு 250 டாலரோடு முடிந்துவிடுமா?

முடியாது. உங்கள் பல்கலைக்கழகமே மதிப்பெண் பட்டியலை நேரடியாக மதிப்பீட்டு அமைப்புக்கு அனுப்ப வேண்டும். அதற்கான கட்டணம், கூரியர், தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்துக்கு நடக்கும் நடை எல்லாம் சேரும். ஒருவருக்கு ஐயாயிரம் ரூபாய் என்று என் கணக்கில் வைத்திருக்கிறேன். இளநிலை ஒரு பல்கலைக்கழகம், முதுநிலை வேறொன்று என்றால் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர்கள் சென்னைக்கு இரண்டு முறை வந்து போகும் பஸ் செலவையும் சேருங்கள். சிரிக்காதீர்கள், நான்கு முறை போய் வந்தவன் சொல்கிறேன்.

6. மனைவியும் ஐஇஎல்டிஎஸ் எழுத வேண்டுமா? வீண் செலவு இல்லையா?

கட்டாயம் இல்லை. எழுதினால் என்ன கிடைக்கும் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். துணைவரின் ஆங்கிலத்துக்கு அதிகபட்சம் 20 புள்ளிகள்: கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 5. ஆனால் முழு 5 வேண்டுமானால் ஐஇஎல்டிஎஸ்ஸில் கேட்டலில் 8, மற்ற மூன்றில் தலா 7 வேண்டும். அதற்குச் சற்றுக் குறைந்தால் திறனுக்கு 3 புள்ளிகள்தான். துணைவரின் இளநிலைப் பட்டத்துக்கு 8, முதுநிலைக்கு 10.

தேர்வு, மதிப்பீடு, பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியல் மூன்றும் சேர்ந்து சுமார் 39,000 ரூபாய். பட்டதாரி மனைவி நன்றாக எழுதினால் 28 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 1,400 ரூபாய் விழுகிறது. நீங்கள் அழைப்புக்கான குறைந்தபட்சப் புள்ளிக்குப் பத்து, இருபது குறைவாக நிற்கிறீர்கள் என்றால் இதைவிட மலிவாக வேறெங்கும் புள்ளி கிடைக்காது. ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள் என்றால் தேவையில்லை. முதல் பதிலில் சொன்ன 3.4 லட்சம் மூன்று லட்சமாகக் குறையும். இன்னொன்று: மனைவி உங்களைவிட இளையவராகவும் ஆங்கிலத்தில் கெட்டியாகவும் இருந்தால் அவரையே முதன்மை விண்ணப்பதாரராகப் போட்டுப் பாருங்கள். 30 வயது முதல் ஆண்டுக்கு ஐந்து புள்ளி அளவில் குறைந்துகொண்டே போகிறது. எத்தனையோ வீடுகளில் கணவர்தான் ‘முதன்மை’ என்று யோசிக்காமலே எழுதிவிடுகிறார்கள்.

7. மருத்துவப் பரிசோதனையை எங்கள் குடும்ப டாக்டரிடமே செய்துகொள்ளலாமா? போலீஸ் சான்றிதழுக்கு எவ்வளவு?

குடும்ப டாக்டரிடம் முடியாது. கனடா அரசு அங்கீகரித்த மருத்துவர்களிடம் மட்டும்தான். பட்டியல் அரசுத் தளத்தில் இருக்கிறது. கட்டணத்தை மருத்துவரே நிர்ணயிக்கிறார். பெரியவருக்கு எட்டாயிரம், குழந்தைக்கு நான்காயிரம் என்று ஒதுக்கி வையுங்கள். முன்பெல்லாம் விண்ணப்பித்த பிறகு அவர்கள் சொல்லும்போது செய்துகொண்டால் போதும். 2025 ஆகஸ்ட் 21 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி விண்ணப்பத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும். அதனால் இந்தச் செலவும் அந்த 60 நாட்களுக்குள் வந்துவிட்டது.

போலீஸ் சான்றிதழ் பாஸ்போர்ட் சேவா மையத்தில் 500 ரூபாய். ஆனால் கடந்த பத்து ஆண்டுகளில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் சான்றிதழ் வேண்டும். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்கு இங்கேதான் செலவும் தாமதமும். அமெரிக்காவில் இருந்தவர்களுக்கு எஃப்பிஐ கட்டணம் 18 அமெரிக்க டாலர். தமிழில் இருக்கும் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டும். உறவினர் செய்தால் ஏற்கமாட்டார்கள். சில ஆயிரம் மிச்சம் பிடிக்க அண்ணன் மகளிடம் கொடுத்து, விண்ணப்பம் திரும்பி வந்தால், யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதைதான்.

8. காட்டும் பணம் ஒரு நாள் கணக்கில் இருந்தால் போதாதா?

போதாது. வங்கிக் கடிதத்தில் இன்றைய இருப்போடு கடந்த ஆறு மாதச் சராசரி இருப்பும் இருக்க வேண்டும். கணக்கு எண், கணக்கு தொடங்கிய நாள், உங்கள் பெயரில் உள்ள கடன்கள், கிரெடிட் கார்டு பாக்கி, வங்கியின் முகவரி, தொலைபேசி எண் எல்லாம் வங்கியின் லெட்டர்ஹெட்டில் வர வேண்டும். நம் ஊர்க் கிளைகளில் பலருக்கு இந்தக் கடிதம் புதிது. என் கிளையில் முதல் முறை இருப்புச் சான்றிதழ் மட்டும் கொடுத்தார்கள், இரண்டாம் முறை சராசரியை விட்டுவிட்டார்கள், மூன்றாம் முறை நானே வரிவரியாக அடித்துக்கொண்டு போனேன். பத்து நிமிடத்தில் முத்திரை விழுந்தது.

தொகை ஆண்டுக்கு ஒருமுறை மாறும். 2025 ஜூலை முதல் ஒருவருக்கு 15,263, இருவருக்கு 19,001, மூவருக்கு 23,360, நால்வருக்கு 28,362 டாலர். விண்ணப்பிக்கும்போது மட்டுமல்ல, விசா தரும்போதும் அந்தப் பணம் இருக்க வேண்டும். ரூபாய் மதிப்பு சரிந்தால் உங்கள் 15.2 லட்சம் திடீரென்று போதாமல் போகும். பத்து சதவீதம் அதிகமாக வைத்திருங்கள். கனடாவில் வேலை பார்த்த அனுபவத்தை வைத்து ‘கனடிய அனுபவ’ப் பிரிவில் விண்ணப்பிப்பவர்களுக்கு இந்தக் காட்டும் பணமே தேவையில்லை.

9. நகையை அடகு வைத்துக் கணக்கில் போட்டுக்கொள்ளலாமா? சீட்டுப் பணம்? ஊரில் நிலம் இருக்கிறதே?

கடன் வாங்கிய பணத்தைக் காட்டக் கூடாது என்பது விதி. நகைக்கடன், தனிநபர் கடன் எல்லாம் கடன்தான். நகையை விற்றுப் பணமாக்கினால் அது உங்கள் பணம். ரசீதை எடுத்து வையுங்கள். அம்மா கொடுத்த நகையை விற்க மனம் வரவில்லை என்றால் அது வேறு கணக்கு, அதற்கு நான் பதில் சொல்ல முடியாது.

சீட்டு கொஞ்சம் சிக்கல். கடைசித் தவணை வரை கட்டி முடித்து எடுத்த பணம் உங்கள் சேமிப்பு. நடுவில் தள்ளி எடுத்திருந்தால் மிச்சத் தவணைகள் உங்கள் தலைமேல் நிற்கின்றன. அதைக் கடனாகவே நினைத்துக் கணக்கிலிருந்து கழியுங்கள். நிலமும் வீடும் எத்தனை கோடி மதிப்பானாலும் இந்தக் கணக்கில் பூஜ்யம். விற்றால் மட்டுமே சேரும்.

10. அப்பா கணக்கிலிருந்து பத்து லட்சம் மாற்றினால் தப்பா?

தப்பில்லை, அது உண்மையிலேயே திருப்பிக் கேட்கப்படாத அன்பளிப்பாக இருந்தால். அப்பாவிடமிருந்து அன்பளிப்புப் பத்திரம், அவர் கணக்கு அறிக்கை, பணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆதாரம், ஓய்வூதியமோ நிலம் விற்ற பத்திரமோ, சேர்த்து வையுங்கள். ஆறு மாதச் சராசரி பற்றி எட்டாவது பதிலில் சொன்னதால், அழைப்பு வந்த பிறகு மாற்றுவதைவிட ஆங்கிலத் தேர்வுக்குப் பதியும்போதே மாற்றிவிடுவது உத்தமம்.

‘ஒரு மாதத்துக்கு வைத்திரு, கடிதம் வாங்கியதும் திருப்பிக் கொடு’ என்று பணம் சுற்றவிடும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அது கடன், காட்டினால் பொய்த் தகவல். கனடாச் சட்டத்தில் அதற்கு ஐந்து ஆண்டுத் தடை.

11. எஃப்.டி., பி.எஃப்., மியூச்சுவல் ஃபண்ட்?

நினைத்தவுடன் எடுக்க முடிவதுதான் அளவுகோல். எப்போது வேண்டுமானாலும் முறிக்கக்கூடிய எஃப்.டி. சரி, அந்த வாசகத்தையும் வங்கிக் கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மியூச்சுவல் ஃபண்டைக் காட்டலாம், ஆனால் சந்தை விழுந்த வாரத்தில் கடிதம் வாங்க நேர்ந்தால் நெஞ்சு படபடக்கும். வேலையில் இருக்கும்போது பி.எஃப்.பை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

12. முதலில் நான் மட்டும் போகிறேன், குடும்பத்தைப் பிறகு கூப்பிட்டுக்கொள்கிறேன். ஒருவருக்கான தொகை போதும்தானே?

இல்லை. கூட வந்தாலும் வராவிட்டாலும் மனைவியும் குழந்தைகளும் குடும்ப எண்ணிக்கையில் சேர்வார்கள். மூவர் குடும்பம் என்றால் 23,360 டாலர்தான். கூட வராதவருக்குப் பரிசீலனைக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் அவர்களுக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு.

பணம் மிச்சம் பிடிக்க மனைவி பெயரையே எழுதாமல் விட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். அப்படி மறைத்தவரைப் பின்னாளில் ஸ்பான்சர் செய்து அழைக்கும் வழியே அடைபட்டுப்போகும். ஆயிரம் டாலருக்காக மனைவியைத் தொலைக்காதீர்கள்.

13. கட்டணத்தை எந்தக் கார்டில் கட்டுவது? டொரொண்டோவில் இருக்கும் மச்சான் கட்டலாமா?

மச்சான் கட்டலாம்; ரசீது உங்கள் விண்ணப்பத்தில் இருந்தால் சரி. இந்திய கிரெடிட் கார்டில் கட்டினால் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு 3.5 சதவீதம் வரை கமிஷன், அதன் மேல் ஜிஎஸ்டி. மூவர் குடும்பத்துக்கு இது மட்டும் ஒன்பதாயிரம் ரூபாயைத் தாண்டும். கமிஷன் குறைந்த கார்டு வைத்திருப்பவர்கள் அதை எடுங்கள். கார்டு வரம்பு 2.26 லட்சத்தைத் தாங்குமா, வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். கெடு முடியும் இரவில் கார்டு மறுக்கப்பட்ட கதைகள் நிறையக் கேட்டிருக்கிறேன். கட்டிய பிறகு பாக்கியை உடனே அடைத்துவிடுங்கள், எட்டாவது பதிலில் சொன்ன கடிதத்தில் அது கடனாக நிற்கும்.

14. ஏஜென்ட் இரண்டரை லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

சிக்கலில்லாத விண்ணப்பத்துக்கு ஏஜென்ட் தேவையில்லை என்பது என் கருத்து. மூவர் குடும்பத்தின் மொத்த அரசுக் கட்டணத்தைவிட அதிகமாக, படிவம் நிரப்புவதற்குக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. பழைய விசா மறுப்பு, விவாகரத்து, குழந்தையின் பொறுப்பு பற்றிய வழக்கு என்று ஏதாவது இருந்தால் ஆலோசகர் வேண்டும். அப்போதும் கனடாவின் குடிவரவு மற்றும் குடியுரிமை ஆலோசகர் கல்லூரி என்ற, உரிமம் வழங்கும் அமைப்பில் பதிவு பெற்றவரா, அல்லது கனடாவில் உரிமம் பெற்ற வழக்கறிஞரா என்று அவர்களுடைய பொதுப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பாருங்கள். உரிமம் இல்லாமல் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்வது அங்கே குற்றம். கேட்கும் தொகையில் அரசுக் கட்டணம் அடக்கமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

‘வேலைக் கடிதம் வாங்கித் தருகிறேன், ஐம்பது புள்ளி கூடும்’ என்று யாராவது விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வேலை வாய்ப்புக்கான அந்தக் கூடுதல் புள்ளிகளை 2025 மார்ச் 25 அன்றே நீக்கிவிட்டார்கள்.

15. மாகாண நியமனம் வழியாகப் போனால் செலவு கூடுமா?

கூடும். மாகாண நியமனம் என்பது ஒரு மாகாணமே உங்களைத் தேர்ந்தெடுத்துப் பரிந்துரைப்பது. மாகாணத்துக்குத் தனிக் கட்டணம்: ஒன்டாரியோவுக்கு 1,500 டாலர், மானிடோபாவுக்கு 500. நோவா ஸ்கோஷியா வாங்குவதில்லை. அதற்கு மேல் இரண்டாவது பதிலில் உள்ள அத்தனையும் உண்டு. ஆனால் நியமனம் கிடைத்தால் 600 புள்ளிகள். வேறு வழி இல்லாதவருக்கு அந்த ஒரு லட்ச ரூபாய் அதிகமில்லை.

16. மறுத்துவிட்டால் பணம் திரும்ப வருமா?

வசிப்புரிமைக் கட்டணம், அதாவது தலைக்கு 575 டாலர், திரும்ப வரும். பரிசீலனை தொடங்கிவிட்டால் 950 வராது. ஆவணம் குறைந்து, விண்ணப்பம் பரிசீலனைக்கே எடுக்கப்படாமல் திரும்பினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும், ஆனால் அழைப்பு போய்விடும். 575ஐப் பிறகு கட்டிக்கொள்ளலாம் என்றும் ஒரு வசதி இருக்கிறது. மறுத்தால் எப்படியும் திரும்ப வரும் தொகை என்பதால் நான் சேர்த்தே கட்டினேன். பிறகு கட்டு என்று கடிதம் வந்து காத்திருக்கும் நாட்கள் மிச்சம்.

17. காட்டிய பணத்தைக் கனடாவுக்கு அனுப்பும்போது 20 சதவீதம் பிடித்துக்கொள்வார்களாமே?

முழுத் தொகைக்கும் அல்ல. ஒரு நிதியாண்டில் ஒரு பான் எண்ணுக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை பிடித்தம் இல்லை. அதற்கு மேற்பட்ட பகுதிக்கு 20 சதவீதம். 15.2 லட்சத்தை ஒருவரே அனுப்பினால் 1.04 லட்சம் பிடிப்பார்கள். அது வரி முன்பணம். வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் புது நாட்டில் முதல் மாதங்களில் ஒரு லட்சம் முடங்குவது வலிக்கும். பணம் இருவர் பெயரிலும் இருந்தால் இருவரும் பிரித்து அனுப்பலாம். மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்றும் அனுப்பலாம். கையில் கொண்டு போவதானால் 10,000 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் வரி ஏதும் இல்லை.

18. இறங்கிய பிறகு அந்தப் பணத்தைத் தொடலாமா, அப்படியே வைத்திருக்க வேண்டுமா?

அது செலவழிக்கத்தான். யாரும் வந்து கணக்குக் கேட்கமாட்டார்கள். ஒன்டாரியோவில் வாடகை வீட்டுக்கு முதல் மாதமும் கடைசி மாதமும் சேர்த்து முன்கூட்டிக் கேட்பார்கள். டொரொண்டோவில் ஒரு படுக்கையறை வீட்டுக்கே மாதம் இரண்டாயிரம் டாலருக்கு மேல் என்பதால் முதல் வாரத்திலேயே நாலாயிரத்துக்கு மேல் போய்விடும். பிறகு குளிர் உடைகள், மெத்தை, குக்கர். முதல் பி.ஆர். அட்டைக்குக் கட்டணம் இல்லை, ஆனால் வந்த 180 நாட்களுக்குள் கனடா முகவரியைத் தெரிவித்துவிட வேண்டும். தவறினால் 50 டாலர். எங்கள் காட்டும் பணம் எட்டாவது மாதம் கரைந்தது. எனக்கு வேலை கிடைத்தது ஏழாவது மாதம்.